ஞாயிற்றுக்கிழமைப் புலம்பல்

நான்கு வருடம், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, நான் அம்மாவிடம் பொய் சொன்னேன். காதலை மறைத்தவள், வேலை போனதை மறைத்தவள் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, இந்தச் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை என்பேன். ஒன்பது மணிவரை இழுத்துப் போர்த்தித் தூங்கிவிட்டு, கண்ணோடு கண் மூடவில்லை என்பேன். அவ்வளவுதான் என் பொய். ஆனால் சொல்லும்போது ஓரிடத்தில் நிற்க வராது. கல்கத்தா நியூ டவுனில் பதினோராவது மாடியில் எங்கள் வீட்டு பால்கனி ஏழெட்டு அடி நீளம் இருக்கும். ஒரு போன் பேசி முடிப்பதற்குள் அதற்குள்ளேயே ஒரு மைல் நடந்திருப்பேன்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, மினி பஸ் நின்று திரும்புகிற ஊர் எங்களுடையது. பஸ் திரும்பும் இடத்தில் அப்பாவின் மாவு மில். அப்பா மிஷின் ஓட்டுவார். அம்மா எடை போட்டு, யார் மல்லி யாருக்கு மாறிவிடாமல் பார்த்துக்கொள்வாள். இருபது வருடம் அந்தச் சத்தத்திலேயே இருந்ததில் அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் ஸ்பீக்கரில் போட்டால்தான் போனில் பேசுவது கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மில்லில் கூட்டம் தாங்காது. என் போன் வந்ததும் அப்பா மிஷினை நிறுத்துவார். மிளகாயும் அரிசியுமாகத் தூக்குவாளியோடு நிற்கும் பெண்கள் எல்லோரும் கல்கத்தாவில் நான் படும் பாட்டைக் கேட்பார்கள்.

ஆரம்பத்தில் அது பொய்யாக இல்லை. வந்த புதிதில் கடுகெண்ணெய் வாடை எனக்குக் குமட்டியது. பருப்பில் இனிப்பு போடுகிறார்கள் என்று சொன்னபோது என் குரல் நிஜமாகவே உடைந்தது. இரண்டு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. ஒரு ஞாயிறு வாய் தவறி, "இங்கன நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா அவசரமாகப் பேச்சை மாற்றினாள். அன்று மாலையே கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? அத்தன பேரு நிக்காக. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு ஒப்பிக்க. கண்ணு பட்டுச்சுன்னா யாரு பாக்க?"

எங்கள் ஊர் வழக்கம் இதுதான். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையைப் பார்த்து யாராவது நன்றாக இருக்கிறானே என்று சொன்னால், பெற்றவள் உடனே, "எங்க, நேத்துப் பூரா காய்ச்ச" என்பாள். பருத்தி நன்றாக வெடித்திருந்தால் பூச்சி விழுந்துவிட்டது என்பார்கள். இருப்பதை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் போய்விடும். ஆண் துணை இல்லாமல் இரண்டு ராத்திரி ரயிலில் போய், தெரியாத பாஷை பேசும் ஊரில் சம்பாதிக்கிற பெண் நன்றாகவும் இருக்கிறாள் என்றால் ஊர் பொறுக்குமா? எனவே நான் கஷ்டப்பட்டாக வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கஷ்டப்பட்டேன். மில்லில் பெண்கள் "அடப் பாவமே" என்று சொல்வது போனில் கேட்கும்போது எனக்கு ஒரு தெம்பு வரும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். கறிவேப்பிலைக்கு நாய் படாத பாடு படுகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். அப்போது நான் குடியிருந்தது தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில். மாடிப்படி இறங்கினால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் காப்பிப் பொடி, வாழை இலை, எல்லாம் கிடைக்கும். எங்கள் ஊரில் அப்பளம் வாங்க மினி பஸ் ஏற வேண்டும். அங்கே அப்பளத்திலேயே நாலு தினுசு உண்டு.

அந்த லேக் மார்க்கெட் வீட்டில் நான் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததே கல்கத்தாவில்தான். அவர் மனைவியான மாமியும் தங்கமானவர். பேரப்பிள்ளைகள் வந்தால் வங்காளத்தில் சண்டை போட்டுவிட்டு, மாமி அதட்டியதும் தமிழில் மன்னிப்புக் கேட்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செருப்பை மாட்டும்போதெல்லாம், "எங்க கிளம்பிட்டே?" என்று மாமி கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அதைக் கேட்காத ஓர் இடத்துக்காகத்தான் நான் ஆயிரம் மைல் தாண்டி வந்திருந்தேன். அடுத்து டாலிகஞ்சில் மூன்று பெண்களோடு ஓர் அறை. மெட்ரோவில் பிதுங்கி, ஆட்டோவுக்கு வரிசையில் நின்று, அலுவலகத்துக்கு மூன்று வண்டி மாறினேன். அதுவும் ஒன்றரை வருடத்தில் சலித்துவிட்டது. பிறகுதான் நியூ டவுன். ஒரு வீட்டில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அது என் சுபாவம்.

நியூ டவுன் வீட்டில் என்னோடு இருப்பவள் மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்காரி. நாங்கள் இந்தியும் வங்காளமும் கலந்து பேசிக்கொள்வோம். அவள் வீட்டுக்குப் பேசுவது எனக்கு நேர் எதிர். மலேரியா வந்து பல் கிட்டிக் கிடந்தபோதுகூட, போனை எடுத்து, "கூப் பாலோ ஆச்சி, மா" என்றாள். ரொம்ப நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வைத்துவிட்டு வாந்தி எடுத்தாள். அவளுடைய அந்த ஒரு வரியை நம்பி அவள் சித்தப்பா பெண்கள் இரண்டு பேர் இந்த ஊருக்கு வந்து வேலையில் சேர்ந்துவிட்டார்கள். என் புலம்பலை நம்பி என் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெரிந்தது. என் தங்கை கூப்பிட்டாள். மதுரையில் நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள். மொட்டை மாடியிலிருந்து பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"யக்கா, எனக்குக் கல்கத்தாவுல வேல கெடச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. வீடியோவுல இன்டர்வியூ வச்சாங்க. ஒங்கிட்ட கெடச்சப்பெறவு சொல்லலாம்னு இருந்தேன்."

அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"திங்கக்கெழமைக்குள்ள வாரேன்னு பதில் போடணும். அப்பா முடியாதுன்னுட்டாரு."

"ஏன்?"

"ஏனா? ஒன்னாலதான்." அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "ஒருத்தி அங்கன கெடந்து படுதது போதும், சின்னவளையும் அந்தக் கெணத்துல தள்ள மாட்டேங்காரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கிளினிக்குல சொல்லி வச்சிருக்காரு. ஒண்ணாந்தேதி அங்க போவணுமாம். நீ வாராவாரம் ஊரக் கூட்டி ஒப்பாரி வச்சியே, இப்பப் பாரு."

இதோ அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். அவள் வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் கம்ப்யூட்டரில் நான் எழுதிய நிரல் எதுவும் ஓடவில்லை. கண்ணாடிச் சுவரின் ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மேலதிகாரி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மறுநாள் அப்பா மில்லைத் திறக்கும் முன் அவரைப் போனில் தனியாகப் பிடித்தேன். நான் இங்கே நன்றாக இருக்கிறேன், சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, தங்கை என்னோடு வந்து இருக்கட்டும் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சிக்காகச் சொல்லுத. எனக்குத் தெரியாதா தாயி? ஒங்கம்மாகிட்ட நாலு வருசமாச் சொல்லுததுதான் நெசம். ஒன்னையே அனுப்பிட்டமேன்னு நான் தெனம் வெந்துக்கிட்டு இருக்கேன்."

அப்பா அப்படிச் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை. நாங்கள் ஊர்க் கண்ணுக்காக ஆடிய நாடகத்தை வீட்டிலேயே ஒருவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். மில்லில் மிஷினை நிறுத்திவிட்டு, மாவு படிந்த முகத்தோடு, நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் கேட்டிருக்கிறார். அதை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது.

சரி, அத்தாட்சி காட்டுவோம் என்று வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். கறிவேப்பிலைக் கட்டு, இட்லி அரிசி, முருங்கைக்காய், அப்பளத்தில் நாலு தினுசு என்று படமாக எடுத்துத் தள்ளினேன். காய்க்காரர், வாங்கப்போகிறாயா இல்லை போட்டோ மட்டும்தானா என்று வங்காளத்தில் சடைத்துக்கொண்டார். நெய் தோசை ஒன்று வாங்கி, அதையும் என் முகத்தையும் சேர்த்து எடுத்து எல்லாவற்றையும் அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது.

"என்னட்டி, கழுத்தெலும்பு தெரியுது. தோசைக்கு ஏங்கிப்போயி எம்புட்டு தூரம் போயிருக்க பாரு."

சொல்லிச் சொல்லி, நாடகம் என்று தெரிந்த அம்மாவே அதைப் பாதி நம்பிவிட்டாள் போல. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தோசையை முழுதாகத் தின்ன முடியவில்லை. நாலு வருடம் நானே கட்டிய கட்டு. அதை இப்போது எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னும் இறுகியது. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் தியாகம், படம் அனுப்பினால் ஏக்கம். சனிக்கிழமை தங்கை மூன்று முறை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பேச்சின் முடிவில் அம்மா கேட்பாள்: "மெட்ராசுக்கு மாத்தல் எப்பட்டி தருவான்?" நான், "எழுதிக் குடுத்திருக்கேம்மா, பாப்போம்" என்பேன். நான் எழுதிக் கொடுக்கவே இல்லை. போன வருடம் அலுவலகத்தில் அவர்களாகவே சென்னைக்கு மாற்றல் தந்தார்கள். இரண்டு நாள் யோசிக்கச் சொன்னார்கள். நான் அந்தக் கடிதம் வந்த அரை மணி நேரத்தில் வேண்டாம் என்று பதில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. கூட இருக்கும் பாங்குராக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டில் நம்பக்கூடியது இது ஒன்றுதான். கஷ்டப்படுகிறவள் யாரும் வந்த மாற்றலைத் திருப்பி அனுப்ப மாட்டாள். ஆனால் இதைச் சொன்னால் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்ன பொய். மாற்றல் மட்டும் நான் அவளுக்கே சொன்ன பொய். அதை அவள் நம்பியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை வீட்டில் இருக்க முடியாமல் இறங்கி நடந்தேன். நியூ டவுன் தெருக்கள் அகலமானவை. ஆளைவிடக் கட்டடம் அதிகம். நடக்க நடக்க ஒரு கேள்வி கூடவே வந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேனா? நாலு வருடத்தில் மூன்று வீடு மாறியவள் நன்றாக இருக்கிறாள் என்று எதை வைத்துச் சொல்வது? காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார ஆள் கிடையாது. மழைக்காலத்தில் துணி காயாமல் ஒரு வாடை வரும்போது, ஊர் வெயிலை நினைத்து அழுதிருக்கிறேன். நிம்மதி என்று ஒன்றை நான் இங்கே கண்டதில்லை. ஊரிலும் கண்டதில்லை. இந்தக் கால் அரிப்பு அங்கேயும் இருந்தது. அங்கே சாயங்காலம் தனியாக இருநூறு அடி நடந்தால், எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இங்கே ஒரு மணி நேரமாக நடக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. வழியில் புச்கா என்கிற பானிபூரி விற்பவரிடம் ஏழெட்டு வாங்கி, புளித்தண்ணீர் முழங்கை வரை வழிய நின்று தின்றேன். எனக்கு இது பிடித்திருக்கிறது என்று அப்போது எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். புச்காக்காரர் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது பாங்குராக்காரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாற்றல் கதையையும்தான். அவள் கையைக்கூடக் கழுவாமல் கேட்டாள். "நான் என் அம்மாவிடம் ஒரு நாளும் நிஜம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதே" என்றாள். பிறகு எனக்கும் சேர்த்து ரொட்டி போட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணி. பால்கனியிலிருந்து கூப்பிட்டேன். மிஷின் நிற்கும் சத்தம் கேட்டது.

"என்னட்டி, இன்னைக்காவது கறிவேப்பில கெடச்சுதா?" என்று யாரோ ஒரு மதினி கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"யம்மா" என்றேன். "நான் இங்கன நல்லா இருக்கேன்."

"சரி, சரி. சாப்ட்டியா?"

"சாப்பாடு நல்லா இருக்கும்மா. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு."

அம்மா கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது கேட்டது: "தங்கச்சி வரணும்ல, அதுக்குச் சொல்லுதா. கிறுக்குப்புள்ள." பாவம் என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

நான் நடந்துகொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்து நின்றேன். நின்றால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"யம்மா, போன வருசமே மெட்ராசுக்கு மாத்தல் குடுத்தாங்க."

"எப்பட்டி?" குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. "சொல்லவேயில்ல? எப்பக் கெளம்புத?"

"நான் வேண்டாம்னுட்டேம்மா. போன வருசம் ஆடி மாசம். அவங்களாத்தான் தந்தாங்க. நான்தான் வேண்டாம்னு எழுதிட்டேன்."

மில்லுக்கு வெளியே மினி பஸ் ஹார்ன் அடித்துத் திரும்புவது மட்டும் கேட்டது. அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏன் தாயி?"

"புடிச்சிருக்குப்பா. இங்கன எனக்குப் புடிச்சிருக்கு. நாலு வருசமாச் சொன்னது எல்லாம் கண்ணு படக்கூடாதுன்னு சொன்னது. நீங்க வெந்துக்கிட்டு இருக்க வேண்டாம். அவளை அனுப்புங்க."

யாரோ, "அம்மாடி" என்றார்கள். அது ஆச்சரியமா ஏளனமா என்று தெரியவில்லை. பிறகு ஒரு கரகரப்பு. எதிரொலி அடங்கி எல்லாச் சத்தமும் தூரப் போனது. அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள். நாலு வருடத்தில் அவள் அதைச் செய்தது அதுதான் முதல்தடவை. செருப்புச் சத்தம் கேட்டது. மில்லுக்குப் பின்னால் உமி கொட்டும் இடத்துக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"சின்னவள அனுப்புதேன். ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"யம்மா, நான் சொல்லுதத—"

நான் பேசியது அவள் காதில் விழவில்லை; தன்பாட்டுக்குப் பேசினாள். "அவ வந்தப்பெறவு நீ ஒண்ணு சொல்லிக்குடு. எப்ப ஊருக்கு வருவன்னு நான் கேட்டா, வாரேம்மான்னு சொல்லச் சொல்லு. வரலன்னா பரவால்ல. சும்மாவாச்சும் சொல்லச் சொல்லு. ஒங்கிட்ட இனிமே நான் அதக் கேக்க முடியாதுல்லா."

யம்மா, யம்மா என்று நான் கத்தினேன். வருவேன் என்றேன், பொங்கலுக்கு வருவேன், மாற்றலுக்கு மறுபடி எழுதுகிறேன் என்றெல்லாம் அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"ஒண்ணும் கேக்கலட்டி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.